லேன் போர்ட் மட்டும் உள்ள பெட்டியை வீட்டு வைஃபையில் சேர்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இன்று வைஃபை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதே வீட்டில் வைஃபையே தெரியாத பெட்டி ஒன்றாவது இருக்கும். ஆயா அறையில் சன் டிவிக்காக வைத்திருக்கும் பழைய டிஎஸ்டிவி எக்ஸ்ப்ளோரா டிவி பெட்டி, பின்கட்டில் தம்பியின் டெஸ்க்டாப், கோயில் அலுவலகத்தில் தமிழ் வகுப்புத் தாளும் காவடி நோட்டீசும் அச்சடிக்கும் லேசர் பிரிண்டர். எல்லாம் நன்றாக ஓடும் பொருட்கள். பின்பக்கம் லேன் கேபிள் செருக ஒரு சதுர போர்ட் மட்டும் இருக்கும். ரவுட்டரோ வீட்டின் மறுமுனையில் இருக்கும்.

இதற்காக நல்ல பிரிண்டரைத் தூக்கிப்போட்டு வைஃபை உள்ள புதியதை வாங்க வேண்டியதில்லை. வைஃபையைப் பிடித்து அதை லேன் போர்ட் வழியாகக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று போதும். சில நூறு ராண்டுக்குள் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் அதை இடைப்பெட்டி என்று சொல்கிறேன். அதை வாங்குவதிலும், அதற்குள் சரியான மோடைத் தேர்ந்தெடுப்பதிலும்தான் பலர் தடுமாறுகிறார்கள். அந்த இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

வாங்கும் முன்

முதலில் கேபிள் இழுக்க முடியுமா என்று பாருங்கள். ரவுட்டர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது என்றால் கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளைச் சுவரோரமாக ஓட்டிவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும், எந்த வைஃபையையும்விட நம்பகமானது. அப்படி முடிந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம். முன்வீட்டிலிருந்து பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்குக்கு வெட்டவெளியில் செம்புக் கம்பி கேபிளை இழுக்காதீர்கள். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே அந்தக் கம்பியில் மின்சாரம் பாய்ந்து இரண்டு பக்கத்துப் பொருளையும் எரித்துவிடும். டர்பனிலேயே இது ஆபத்து என்றால், கோடைக்கால மாலைகளில் இடிமழை கொட்டும் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் இதை நினைத்தே பார்க்கக் கூடாது. அந்த இடத்தில் இடைப்பெட்டி இன்னும் நல்லது, ஏனென்றால் இரண்டு கட்டிடத்துக்கும் நடுவில் கம்பியே இல்லை.

இன்னொரு விஷயம், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு. இங்கே ஃபைபர் கம்பியைப் போடுவது ஒரு கம்பெனி, இணையம் விற்பது வேறொரு கம்பெனி. அதனால் பல வீடுகளில் சுவரில் இரண்டு பெட்டிகள் இருக்கும். கம்பி வந்து முடிகிற சின்ன ஃபைபர் பெட்டி ஒன்று, அதை அடுத்து ரவுட்டர். ஃபைபர் பெட்டியிலும் லேன் போர்ட் இருப்பதைப் பார்த்து நேராக அதில் செருகினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. உங்கள் பொருள் எப்போதும் ரவுட்டரோடுதான் பேச வேண்டும்.

கடையில் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை நீட்டுவார்கள். அது கம்ப்யூட்டருக்கு மட்டும் சரி. அதை இயக்க டிரைவர் மென்பொருள் வேண்டும். பிரிண்டரிலும் டிவி பெட்டியிலும் யூஎஸ்பி போர்ட் இருந்தாலும், அந்த மாடலுக்கென்றே செய்த துணைக்கருவியைத் தவிர வேறெதையும் அவை அடையாளம் கண்டுகொள்ளாது.

எந்த இடைப்பெட்டி?

மூன்று வழிகள் உண்டு.

என் முதல் தேர்வு, உள்ளங்கையில் அடங்கும் மினி ரவுட்டர், பயண ரவுட்டர் என்றும் விற்பார்கள். இதற்கு யூஎஸ்பி கேபிளில் வரும் 5 வோல்ட் மின்சாரமே போதும். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டைப் பார்த்த ஊரில் இது பெரிய வசதி, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பெட்டியின் மேல் ‘கிளையண்ட் மோடு’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில கம்பெனிகள் இதையே ‘அடாப்டர் மோடு’ என்றோ ‘மீடியா பிரிட்ஜ்’ என்றோ போடுகின்றன. இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டாம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, லேன் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர். அந்த அறையில் போனுக்கும் வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்றால் இதை வாங்கலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் கேட்டதை அதே அலைவரிசையில் திரும்பப் பரப்பும்போது, அதன் வைஃபையில் சேரும் போன்களுக்கு வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கிளையண்ட் மோடில் திரும்பப் பரப்பும் வேலையே இல்லாததால் இந்த இழப்பு இல்லை. எல்லா எக்ஸ்டெண்டரிலும் லேன் போர்ட் இருக்காது, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். சென்னையிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்டெண்டர் என்றால் வேறொரு தொல்லை உண்டு. நம் ஊர் பிளக்கின் மூன்று உருண்டை முனைகளும் இங்கத்திய பெரிய பிளக்கைப் போலவே தோன்றும், அளவில் சின்னவை. அடாப்டர் போட்டுச் செருகினால் மொத்தமும் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு தன் எடையிலேயே தொங்கும், கொஞ்ச நாளில் தொடர்பு விட்டு விட்டு வரும். அதை மல்டிபிளக்கில் படுக்க வைத்துச் செருகுவது நல்லது.

மூன்றாவது, வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடி. வைஃபையே எட்டாத தடித்த சுவர் வீடுகளுக்கு இது கைகொடுக்கும். இரண்டையும் நேரடியாகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். மின்னல் காப்பு உள்ள மல்டிபிளக் இந்தச் சிக்னலை விழுங்கிவிடும். இரண்டு பிளக்கும் ஒரே டிபி போர்டிலிருந்து, அதாவது வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்சுப் பெட்டியிலிருந்து, வர வேண்டும். வீட்டில் சோலார் இன்வெர்ட்டர் போட்டு, சில அறைகளை அதற்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், இந்தப் பக்கத்து பிளக்கிலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சிக்னல் போகாமலோ மிகவும் பலவீனமாகவோ இருக்கலாம். திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு மட்டும் வாங்குங்கள்.

இனி நான் சொல்லப்போவது முதல் வழிக்கு. எக்ஸ்டெண்டருக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

அமைப்பது

இடைப்பெட்டியை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வைத்து அமையுங்கள். பிரிண்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால், ஏதாவது நின்றுபோகும்போது தப்பு அமைப்பிலா சிக்னலிலா என்று தெரியாமல் மாலை முழுவதும் போய்விடும்.

மின்சாரம் கொடுத்து ஓரிரு நிமிடம் விடுங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஒரு வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். போனை அந்த வைஃபையில் சேருங்கள். ‘இந்த நெட்வொர்க்கில் இன்டர்நெட் இல்லை’ என்று போன் சொல்லும், சொல்லட்டும். ஆனால் போனில் மொபைல் டேட்டாவை மறக்காமல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், இடைப்பெட்டியின் பக்கம் திறக்கவே திறக்காது. அப்புறம் பிரவுசரில் லேபிளில் உள்ள முகவரியை அடியுங்கள். 192.168 என்று ஆரம்பிக்கும் எண்ணாகவோ, கம்பெனி கொடுத்த பெயராகவோ இருக்கும். நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுங்கள்.

இப்போது மோடு கேட்கும். ரவுட்டர், ஆக்சஸ் பாயின்ட், ரிப்பீட்டர், கிளையண்ட், டபிள்யூஐஎஸ்பி என்று ஒரு பட்டியல் வரும். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். டபிள்யூஐஎஸ்பி மோடும் வைஃபையைப் பிடிக்கும், லேன் போர்ட்டில் இணையமும் வரும். சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் அந்த மோடில் இடைப்பெட்டி தனக்குக் கீழே தனியாக ஒரு குட்டி நெட்வொர்க்கை உண்டாக்கிவிடுகிறது. வீட்டுப் போன்களின் முகவரியெல்லாம் 192.168.1 என்று ஆரம்பிக்க, பிரிண்டர் மட்டும் 192.168.0 என்ற வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரிண்டரால் இணையத்துக்குப் போக முடியும், உங்கள் போனால் பிரிண்டரைப் பார்க்க முடியாது. டிவி பெட்டிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. பிரிண்டருக்கோ, மற்றவர்கள் தன்னைத் தேடி வர வேண்டிய எந்தப் பொருளுக்கோ, இது உதவவே உதவாது. ஆகவே கிளையண்ட் மோடு.

அடுத்து அது அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடிப் பட்டியல் போடும். உங்களுடையதைத் தொட்டு, வீட்டு வைஃபை பாஸ்வேர்டை அடியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம். பெயரே பட்டியலில் வரவில்லையென்றால், மினி ரவுட்டர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் வகையாகவும் வீட்டு ரவுட்டர் அந்த அலைவரிசையை நிறுத்தி வைத்ததாகவும் இருக்கலாம். ரவுட்டரில் அதை இயக்கிவிடுங்கள். பெயர் வந்தும் பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். புது ரவுட்டர்களில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருப்பார்கள், பழைய இடைப்பெட்டிக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்தது என்ற அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

சேமித்ததும் இடைப்பெட்டி தானாக அணைந்து மறுபடி இயங்கத் தொடங்கும். அதன் பிறகு அதன் சொந்த வைஃபை பெயர் உங்கள் போனிலிருந்து காணாமல் போய்விடும். பயப்பட வேண்டாம், கிளையண்ட் மோடில் அது வைஃபை பரப்பாது, வாங்க மட்டும்தான் செய்யும்.

சோதிக்க ஒரு லேப்டாப் இருந்தால் நல்லது. அதன் வைஃபையை அணைத்துவிட்டு, இடைப்பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து கேபிள் கொடுங்கள். விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பில் ஈதர்நெட்டைத் தொட்டால் ஐபிவி4 முகவரி தெரியும். உங்கள் போனின் முகவரி 192.168.1.23 என்றால், லேப்டாப்பினுடையதும் 192.168.1 என்றே ஆரம்பிக்க வேண்டும். வேறு மாதிரி இருந்தால் மோடு தப்பு. 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, லேப்டாப் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். அதாவது இடைப்பெட்டி வைஃபையில் இன்னும் சேரவில்லை. பாஸ்வேர்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

எங்கே வைப்பது?

இடைப்பெட்டியைப் பிரிண்டர் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இடைப்பெட்டியை வையுங்கள், அங்கிருந்து பொருள்வரை லேன் கேபிளை நீட்டுங்கள். படுக்கையறையின் உள்மூலையில் டிவி பெட்டி இருக்கிறதா? இடைப்பெட்டி கதவோரத்தில், நிலைக்கு மேல் உட்காரட்டும், ஐந்து மீட்டர் கேபிள் சுவரோரமாக இறங்கி வரட்டும். கதவுக்கு வெளியிலும் உள்ளேயும் சிக்னல் எவ்வளவு மாறுகிறது என்பதைப் போனில் பார்த்தாலே தெரியும். செங்கல் சுவரை மீறி வருவதில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தேவலை, 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருந்தால் வேகம் அதிகம். கீசர், ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி இவற்றின் பின்னால் வைக்காதீர்கள்.

லேன் கேபிளில் இணைத்த லேப்டாப்பின் பிரவுசரில் இடைப்பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், சிக்னல் பலம் டிபிஎம் என்ற அளவில் தெரியும். மைனஸ் எண்ணாக இருப்பதால் பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 65-க்குள் இருந்தால் 4கே படம் பார்க்கலாம். மைனஸ் 70 தாண்டினால் டிவி தடுமாறும், பிரிண்டர் எப்படியாவது சமாளிக்கும். மைனஸ் 80 என்றால் இடத்தை மாற்றுங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மினி ரவுட்டர்களின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். பெரிய கோப்புகளைக் கையாளும் டெஸ்க்டாப்பாக இருந்தால் மட்டும் ஜிகாபிட் போர்ட் உள்ளதைத் தேடுங்கள்.

பொருளைச் செருகுவது

டிவி பெட்டியும் டெஸ்க்டாப்பும் எளிது. கேபிளைச் செருகி, நெட்வொர்க் அமைப்பில் ‘தானாக’ அல்லது ‘டிஎச்சிபி’ என்று வைத்தால் முடிந்தது. லேன் போர்ட்டின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். எரியாவிட்டால் கேபிள் அல்லது செருகல்தான் கோளாறு, வைஃபையைக் குறை சொல்லாதீர்கள்.

பிரிண்டருக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. அதன் முகவரி நாளுக்கு நாள் மாறினால் கம்ப்யூட்டர்கள் அதைத் தொலைத்துவிடும். ரவுட்டரில் ஒரு முகவரியை அதற்கென்று ஒதுக்கி வைப்பது வழக்கமான வழி. ஆனால் இடைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும்போது அது சில சமயம் நிற்காது. காரணம் இதுதான். வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவியும் தன் மேக் முகவரியை, அதாவது தன் தனி அடையாள எண்ணைச் சொல்லித்தான் ரவுட்டரிடம் சேர்கிறது, அப்படிச் சேராத முகவரியிலிருந்து எதுவும் வந்தால் ரவுட்டர் ஏற்பதில்லை. பிரிண்டர் நேராகப் போய்ச் சேரவில்லை, சேர்ந்தது இடைப்பெட்டி மட்டும். அதனால் அது பிரிண்டருக்கும் தன் முகவரியையே கொடுத்துப் பேசுகிறது. பின்வீட்டில் குடியிருப்பவருக்கு முன்வீட்டு விலாசத்தில் தபால் வருவது மாதிரி. ரவுட்டரின் பட்டியலில் ஒரே மேக் முகவரிக்கு இரண்டு ஐபி முகவரிகள் தெரிந்தால் குழம்பாதீர்கள், ஒன்று இடைப்பெட்டி, மற்றது பிரிண்டர். ரவுட்டரில் மேக் வடிகட்டி போட்டிருப்பவர்கள் இடைப்பெட்டியின் எண்ணை அனுமதிக்க மறக்க வேண்டாம்.

ஆகவே பிரிண்டரிலேயே முகவரியை நிலையாக எழுதிவிடுங்கள். ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரை தானாகக் கொடுக்கிறது என்றால், அதற்கு வெளியே 192.168.1.50 என்று வையுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே உங்கள் ரவுட்டரின் முகவரி. பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரத்தாளை அச்சடிக்கும் வசதி இருக்கும். அந்தத் தாளில் புதிய முகவரி வந்திருக்கிறதா என்று சரிபார்த்து, தாளைப் பிரிண்டரின் அடியிலேயே செருகி வையுங்கள். கோயில் அலுவலகம் மாதிரி பல பேர் வந்து போகும் இடத்தில், அடுத்தவர் புது லேப்டாப்பில் பிரிண்டரைச் சேர்க்க அந்த எண் ஒன்று போதும்.

எல்லாம் சரி, ஆனாலும் ஒருவருடைய போனுக்கு மட்டும் பிரிண்டர் தெரியவில்லையா? அந்தப் போன் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இருப்பவர்களால் வீட்டுப் பொருட்களைத் தொட முடியாது, அதற்காகத்தான் அது இருக்கிறது.

மின்சாரம் போய் வந்தால்

2023-இல் லோட்ஷெடிங்கோடு வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும், மின்சாரம் திரும்பியதும் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். பிரிண்டரும் டிவி பெட்டியும் சீக்கிரம் எழுந்து முகவரி கேட்கும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் அப்போதுதான் கண் திறந்துகொண்டிருக்கும். பதில் வராததால் டிவி பெட்டி ‘இணைப்பு இல்லை’ என்று உட்கார்ந்துவிடும். அமைப்பை எல்லாம் மாற்றத் தொடங்காதீர்கள். முதலில் ஃபைபர் பெட்டி, அது நிலைத்ததும் ரவுட்டர், பிறகு இடைப்பெட்டி, கடைசியில் பொருள் என்ற வரிசையில் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மினி யூபிஎஸ் வைத்திருந்தால் அதில் பெரும்பாலும் 5 வோல்ட் யூஎஸ்பி போர்ட்டும் இருக்கும். இடைப்பெட்டியும் ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் அதில் செருகலாம். தூரத்து அறையில் இருந்தால், சார்ஜ் ஆகிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும் வகைப் பவர் பேங்க் ஒன்றை இடையில் வையுங்கள். மற்ற பெட்டிகளுக்கு மினி யூபிஎஸ்ஸில் இருந்து கேபிள் கொடுக்கும்போது அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டைப் படித்துவிட்டுக் கொடுங்கள். 9 வோல்ட், 12 வோல்ட் முனைகள் இரண்டும் பல சமயம் ஒரே அளவில் இருக்கும். 9 வோல்ட் பெட்டிக்குள் 12 வோல்ட் போனால் அதோடு அது முடிந்தது.

இணையக் கம்பெனியை மாற்றும்போது

ஒரே ஃபைபர் கம்பியில் வேறு கம்பெனிக்கு மாறுவது இங்கே சுலபம் என்பதால் பலர் அடிக்கடி மாறுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் புது ரவுட்டர், புது வைஃபை பெயர். பழைய இடைப்பெட்டியோ பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கும். புது ரவுட்டரை இயக்கியதும் அதற்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்து, பாதுகாப்பு வகையையும் முன்பு இருந்தபடியே வைத்துவிடுங்கள். இடைப்பெட்டி தானாக வந்து சேர்ந்துகொள்ளும், வீட்டில் உள்ள போன்களும் அப்படியே. பிரிண்டருக்கு நிலையான முகவரி எழுதியிருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள், புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் இருக்கலாம். அப்படியானால் ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.1 என்று மாற்றிவிடுவது, ஒவ்வொரு பொருளாகப் போய்த் திருத்துவதைவிட எளிது.